கரண்ட் எவ்ளோ வேகமா போகும்? தூரம் ஜாஸ்தியானா வேகம் கொறையுமா?

மேட்டாங்காடு:

எல்லாருக்கும் வணக்கமுங்க. சின்ன சந்தேகம், சிரிக்காம பதில் சொல்லுங்க. எங்க தோட்டத்துல பழைய கெணத்து ரூம்லதான் சர்வீஸ் இருக்குது, அங்கிருந்து 300 மீட்டர் தள்ளி போன வருஷம் போர் போட்டு 5 எச்பி சப்மெர்சிபிள் எறக்குனோம். 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் கேபிள் மண்ணுக்குள்ள போட்டு அங்க ஸ்டார்டர் வெச்சிருக்கு. மோட்டார் ஓடும், ஆனா தண்ணி ஏழு நாள் பட்டினி கெடந்தவன் மாதிரிதான் வருது, மத்தியானம் ஆச்சுன்னா ஓவர்லோட் ரிலே ட்ரிப் ஆகிப்போடுது. டீக்கடைல பேசுனா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. "கரண்ட் அவ்ளோ தூரம் போறதுக்குள்ள வேகம் செத்துரும்"ங்கறாரு ஒருத்தரு. என்ற பொண்ணு பன்னெண்டாவது படிக்கறா, அவகிட்ட கேட்டா "அப்பா கரண்ட் ஒளி வேகத்துல போகும், 300 மீட்டரெல்லாம் ஒண்ணுமே இல்ல"ன்னுட்டு அடுத்த பக்கத்தத் திருப்பி "ஆனா எலக்ட்ரான் நத்தைய விட மெதுவாத்தான் போகுமாம்"ங்கறா. ரெண்டும் ஒரே புக்குல இருக்குதுங்க! எது நெசம்? நத்தை மாதிரி போனா நான் சுவிட்ச் போட்டதும் மோட்டார் எப்படிங்க ஓடுது?

வோல்ட்மீட்டர்_வேலு:

அண்ணே இது வேக பிரச்சினையே இல்ல, வோல்டேஜ் ட்ராப். அப்புறம் வர்றேன் வேலைல இருக்கேன்.

சும்மா_ஒரு_ஆள்:

எலக்ட்ரான் ஒளி வேகத்துலதான் போகும், அதனாலதான் சுவிட்ச் போட்டவுடனே லைட் எரியுது. ஸ்கூல்லயே படிச்சாச்சு. இதுக்கு எதுக்கு ஒரு த்ரெட்?

சாக்பீஸ்_வாத்தியார்:

@மேட்டாங்காடு உங்க பொண்ணு ரெண்டுமே சரியாத்தான் சொல்லிருக்கா சார். புக்குலயும் தப்பில்ல, ஆனா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு இது வேற அது வேறன்னு யாரும் ஒடச்சு சொல்றதில்ல, அதான் குழப்பம்.

உங்க கேபிளையே எடுத்துக்குவோம், மனக்கணக்குலயே வந்துரும். செம்புல ஒரு கன மில்லிமீட்டருக்குள்ள சுத்தித் திரியிற எலக்ட்ரான் மட்டும் சுமாரா எட்டரை லட்சம் கோடி கோடி. கோடிய ரெண்டு தடவ சொன்னேன், டைப்பிங் மிஸ்டேக் இல்ல. 2.5 ஸ்கொயர் எம்எம் கம்பில ஒரு மில்லிமீட்டர் நீளத்துல மட்டும் 21 லட்சம் கோடி கோடிக்கு மேல நிக்குது. ஒரு ஆம்பியர்னா ஒரு செகண்டுக்கு 62 ஆயிரம் கோடி கோடி எலக்ட்ரான் தாண்டிப் போகணும். உங்க மோட்டார் ஏழரை ஆம்பியர் இழுக்குதுன்னா நாலே முக்கால் லட்சம் கோடி கோடிக்குக் கொஞ்சம் கம்மி. அப்போ கம்பில நிக்கிற கூட்டத்துக்கு இந்த அளவு தாண்டணும்னா ஒரு செகண்டுக்கு எவ்ளோ நகந்தா போதும்? 0.22 மில்லிமீட்டர். அவ்ளோதான். ஒரு மணி நேரம் பூரா ஓடுனாலும் 80 சென்டிமீட்டர் வராது. ஒரே பக்கமா ஓடுற டிசி கரண்டா இருந்தா உங்க 300 மீட்டரத் தாண்ட ஒரு எலக்ட்ரானுக்கு 15, 16 நாள் ஆகும். உங்களுக்கு வர்றது ஏசி, செகண்டுக்கு 50 தடவ முன்ன பின்ன போய்ட்டு வரும், அதனால அந்த 16 நாள் பயணமும் கிடையாது. நின்ன எடத்துலயே ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ரெண்டு பங்கு தூரம் ஆடிக்கிட்டே கெடக்கும். போன வருஷம் கேபிள் போடும்போது ஸ்டார்டர் கிட்ட இருந்த எலக்ட்ரான், கரண்ட்டோட சேந்து மோட்டாருக்குப் போகவே இல்ல.

அப்போ மோட்டார் எப்படி உடனே ஓடுது? ஏற்கனவே தண்ணி நெறஞ்சு நிக்கிற ஹோஸ் பைப்ப நெனச்சுக்கோங்க. இந்தப் பக்கம் கேட் வால்வத் தெறந்தா அந்தப் பக்கம் தண்ணி உடனே கொட்டும், ஆனா கொட்டுற தண்ணி இந்தப் பக்கத்துத் தண்ணி இல்ல, வாய் ஓரத்துல ஏற்கனவே நின்ன தண்ணி. "தள்ளு"ங்கற அந்தத் தள்ளல்தான் சீக்கிரம் போய்ச் சேருது. கம்பிலயும் எலக்ட்ரான் எல்லா எடத்துலயும் ஏற்கனவே நெறஞ்சுதான் இருக்கு, சுவிட்ச் போட்டதும் ஓடுறது மின்புலம். அதோட வேகம் உங்க மாதிரி பிவிசி கேபிள்ல செகண்டுக்கு ஒன்றரையிலேர்ந்து ரெண்டு லட்சம் கிலோமீட்டர். வெட்டவெளில ஒளி போறது 3 லட்சத்துக்கு மயிரிழை கம்மி, அதாவது 2,99,792 கிலோமீட்டர். 300 மீட்டருக்கு ஒரு செகண்ட பத்து லட்சமா பிரிச்சா அதுல ரெண்டு பங்கு நேரம். இந்த நேரத்தக் கொறச்சு மோட்டாருக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

மூணாவது ஒரு வேகமும் இருக்கு, அதான் பசங்கள நல்லா கொழப்பும். கரண்டே இல்லாத நேரத்துலயும் செம்புக்குள்ள எலக்ட்ரான் சும்மா நிக்காது, கண்டபடி எல்லா பக்கமும் செகண்டுக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல பறந்துக்கிட்டு அணுக்கள்ல முட்டி முட்டித் திரும்பும். இந்தப் பக்கம் போறதும் அந்தப் பக்கம் போறதும் சமமா இருக்கறதால மொத்தத்துல நகர்வு பூஜ்யம். இந்தக் கலவரத்துக்கு நடுவுல ஒரு பக்கமா லேசா சாயிற சாய்வுதான் அந்த 0.22 மில்லிமீட்டர்.

சும்மா_ஒரு_ஆள்:

அப்போ எலக்ட்ரான் எங்கயுமே வேகமா போகாதா சார், ஒத்துக்க மாட்டேன்.

சாக்பீஸ்_வாத்தியார்:

போகுமே! நடுவுல முட்டறதுக்கு ஒண்ணும் இல்லாத எடத்துல. பழைய பெட்டி டிவி ஞாபகம் இருக்கா, கலர் டிவி பிக்சர் ட்யூபுக்குள்ள காத்தே இருக்காது, 25,000 வோல்ட் மாதிரி போட்டு இழுப்பாங்க. அங்க எலக்ட்ரான் ஒளி வேகத்துல சுமாரா 30 சதவீதம், செகண்டுக்கு 90,000 கிலோமீட்டர் வேகத்துல வந்து ஸ்க்ரீன்ல மோதும். அதே வீட்டுல அதே டிவிக்குப் போற வயர்ல எலக்ட்ரான் எறும்பு ஊர்ற அளவுகூட நகராது. எடம் முக்கியம்.

கேபிள்_தாமஸ்:

ஹோஸ் பைப் உதாரணம் நல்லாருக்கு, ஆனா ஒரு எடத்துல காலை வாரிடும், அதையும் சொல்லிடணும். ஹோஸ நடுவுல வெட்டுனா தண்ணி ஊத்தும். வயர வெட்டுனா எலக்ட்ரான் கீழ கொட்டாது, அதது அப்படியே நிக்கும், ஏன்னா பக்கத்துல ப்ளஸ் சார்ஜ் அத புடிச்சு வச்சிருக்கு. அப்புறம் ஹோஸ்ல தள்ளல் ரப்பர் சுவத்துக்கு உள்ளதான் போகும், கரண்ட்ல அது வயருக்கு வெளிய, ரெண்டு வயருக்கு நடுவுல இருக்கற எடத்துல போகுது. அதனாலதான் இன்சுலேஷன் என்ன மெட்டீரியல்ங்கறத பொறுத்து வேகம் மாறுது. செம்பு தடியா ஒல்லியாங்கறதுக்கு இதுல பெரிய வேல இல்ல.

நான் வெளிநாட்டுல அண்டர்கிரவுண்ட் கேபிள் ஃபால்ட் கண்டுபிடிக்கிற டீம்ல இருக்கேன். எங்க பொழப்பே இந்த வேகத்தை நம்பித்தான் ஓடுது. ரோட்டுக்கு அடில மூணு கிலோமீட்டர் கேபிள், எங்கயோ ஒரு எடத்துல இன்சுலேஷன் போச்சு, எங்கன்னு தோண்டுவீங்க? ஒரு முனைல மெஷினை மாட்டி சின்னதா ஒரு பல்ஸ் அனுப்புவோம். அது போயி அடிபட்ட எடத்துல முட்டி திரும்பி வரும், ஸ்க்ரீன்ல கோடு ஒரு எடத்துல கீழ குத்தி எழும். எக்ஸ்எல்பிஇங்கற பிளாஸ்டிக் இன்சுலேஷன் போட்ட கேபிளுக்கு மைக்ரோசெகண்டுக்கு சுமாரா 160 மீட்டர்னு செட் பண்ணிருப்போம். எதிரொலி 8 மைக்ரோசெகண்ட்ல வந்தா 1,280 மீட்டர், போக வர சேத்து, அப்போ ஃபால்ட் 640 மீட்டர்ல. இந்த வேகத்தை நாலு சதவீதம் தப்பா செட் பண்ணா 25 மீட்டர் தள்ளி ரோட்டத் தோண்டிட்டு நிக்கணும், போலீஸ்காரன்கிட்டயும் பதில் சொல்லணும்.

அதுக்கப்புறம் நடக்கறது இன்னும் நல்லாருக்கும். இவ்ளோ தூரத்துலதான்னு தெரிஞ்சதும் அந்த ஏரியாவுக்குப் போயி, அந்த முனைலேர்ந்து பெரிய கெப்பாசிட்டர் (சார்ஜ சேத்து வைக்கிற சாமான்) வச்சு சில செகண்டுக்கு ஒரு தடவ பெரிய அடியா கேபிளுக்குள்ள அடிப்போம், ஃபால்ட்ல ஸ்பார்க் அடிக்கும், மண்ணுக்குள்ள 'தொம்'னு ஒரு சத்தம். தரைல மைக்க வச்சு ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டே நடப்போம். அந்தக் கருவி ரெண்டு விஷயத்தப் புடிக்கும், ஒண்ணு காந்தப்புல துடிப்பு, இன்னொண்ணு சத்தம். காந்தத் துடிப்பு சொல்லப்போனா அடிச்ச அதே நேரத்துக்கு வந்துரும், சத்தம் மண்ணு வழியா ஆடி அசைஞ்சு மில்லிசெகண்ட் கணக்குல வரும். ரெண்டுக்கும் நடுவுல உள்ள நேரம் எங்க ரொம்ப கம்மியா காட்டுதோ அங்க சுண்ணாம்பால ஒரு எக்ஸ். தோண்டு.

அதிகாலை_கீபோர்ட்:

யூட்யூப்ல ஒருத்தரு கரண்ட் வயருக்குள்ள போறதே இல்லன்னாரே? கமெண்ட்ல அடிதடி.

சாக்பீஸ்_வாத்தியார்:

எலக்ட்ரான் நகர்றது வயருக்குள்ளதான், சக்தி போய்ச் சேர்றது வயரைச் சுத்தி இருக்கற மின்புலம் காந்தப்புலம் வழியா. பாய்ண்டிங்னு ஒருத்தர் 1884-லயே கணக்கு போட்டு காட்டிட்டாரு. வயர் இல்லாம முடியாது, வயர்தான் அந்தப் புலத்துக்கு வழி காட்டுது. தாமஸ் சார் மேல சொன்ன இன்சுலேஷன் சமாச்சாரம் இதேதான். ரெண்டு கோஷ்டியும் சண்டை போட ஒண்ணும் இல்ல.

பழைய_தபால்:

இந்தக் கேள்விக்கு மனுசன் 100 வருஷத்துக்கு மேல மண்டைய ஒடச்சிருக்கான், அந்தக் கதை யாரும் சொல்லலயேன்னு வந்தேன். 1746-ல பாரிஸ்ல நோலேங்கற பாதிரியார், ஏறக்குறைய 200 துறவிங்கள இரும்புக் கம்பியால கோத்து வரிசையா நிக்க வச்சாரு, ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல நீளம். லெய்டன் ஜாடில சேத்து வச்ச மின்சாரத்த ஒரு முனைல விட்டா, மொதல் சாமியாரும் கடைசி சாமியாரும் ஒரே நேரத்துல துள்ளிக் குதிச்சாங்க. முடிவு: "உடனே போகுது". அளக்கறதுக்கு வேற வழி தெரியல, பாவம் அந்தத் துறவிங்க.

1834-ல இங்கிலாந்துல வீட்ஸ்டோன் சுழலுற கண்ணாடிய வச்சு அளந்தாரு. அரை மைல் வயர்ல மூணு எடத்துல ஸ்பார்க் விழ வச்சு, நடு ஸ்பார்க் மத்த ரெண்டையும் விட எவ்ளோ லேட்டுங்கறத கண்ணாடில தெரியற பிம்பம் எவ்ளோ தள்ளி விழுதுன்னு பாத்துக் கணக்கு போட்டாரு. வந்த விடை செகண்டுக்கு 4.6 லட்சம் கிலோமீட்டர். ஒளிய விட ஒன்றரை மடங்கு! விடை தப்பு, ஆனா முறை அருமையான முறை, பின்னாடி ஒளி வேகத்த அளக்கவே இந்தச் சுழலுற கண்ணாடி கை கொடுத்துச்சு. 1850-ல ஃபிரான்ஸ்ல ஃபிஸோவும் கூனெல்லும் தந்திக் கம்பில அளந்தப்போ இரும்புல ஒரு லட்சம், செம்புல 1.8 லட்சம்னு வந்துச்சு. 1857-ல கிர்க்காஃப், தடையே இல்லாத கம்பில ஒளி வேகத்துல போகும்னு பேப்பர்லயே காட்டிட்டாரு.

இப்பதான் மேட்டர். 1858-ல அட்லாண்டிக் கடலுக்கு அடில மொத தந்தி கேபிள் போட்டாங்க. விக்டோரியா ராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு 98 வார்த்தைல ஒரு செய்தி அனுப்புனாங்க. அது போய்ச் சேர எவ்ளோ நேரம்னு நெனைக்கிறீங்க? 16 மணி நேரம்! தள்ளல் மெதுவா போனதால இல்ல. நீளமான கேபிள், சுத்தியும் கடல் தண்ணி, அது பூராவும் ஒரு பெரிய கெப்பாசிட்டர் மாதிரி சார்ஜ் ஆகி வடியுது, இங்க 'டக்'குனு தட்டுனா அங்க 'ஈஈஈ'ன்னு இழுத்துக்கிட்டு வருது. ஒரு தட்டு வடிஞ்சு முடியறதுக்குள்ள அடுத்ததத் தட்டுனா ரெண்டும் கலந்துரும், அதனால பொறுமையா தட்டணும். வைட்ஹவுஸ்னு அதப் பாத்துக்கிட்டவரு 2,000 வோல்ட் அளவுக்கு ஏத்துனா பளிச்சுனு போகும்னு ஏத்தினாரு, கேபிள் மூணு வாரத்துல செத்தே போச்சு. வில்லியம் தாம்சன், பின்னாடி கெல்வின் பிரபு ஆனவரு, நீளத்த ரெண்டு மடங்காக்குனா இந்த இழுவை நாலு மடங்காகும்னு முன்னாடியே சொல்லிக்கிட்டு இருந்தாரு, தடியான செம்பும் தடியான இன்சுலேஷனும் போடுங்கன்னாரு. 1866-ல அப்படிப் போட்ட கேபிள்தான் நின்னுச்சு. நம்ம மெட்ராஸ்லேர்ந்து பினாங்கு வழியா சிங்கப்பூருக்குத் தந்தி கேபிள் 1871-ல வந்துருச்சு. இப்ப சென்னை சிங்கப்பூர் நடுவுல கடலடில கிடக்கறது 3,200 கிலோமீட்டர் ஃபைபர், அதுல ஒளி செகண்டுக்கு 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்துல 16 மில்லிசெகண்ட்ல போய்ச் சேருது. கேம் விளையாடற பசங்க பிங், அதான் சிக்னல் போய்த் திரும்பி வர்ற நேரம், 35 மில்லிசெகண்டுக்குக் கீழ வரலயேன்னு புலம்பறதுக்குப் பாதி காரணம் இந்த 16-ஐயும் திரும்பி வர்ற 16-ஐயும் யாரும் கொறைக்க முடியாதுங்கறதுதான்.

ராத்திரி_ஷிப்ட்:

சூப்பர் த்ரெட். ஒரு டவுட், எங்க வீட்டு பாத்ரூம் எல்இடி பல்பு சுவிட்ச் போட்டு அரை செகண்ட் கழிச்சுத்தான் எரியுது, அது ஏன் அப்போ? தூரம் பத்து அடிகூட இல்ல.

கேபிள்_தாமஸ்:

கரண்ட் எப்பவோ வந்துருச்சு. பல்புக்குள்ள இருக்கற டிரைவர் சர்க்யூட், கெப்பாசிட்டர் நெறஞ்சு அளவான வோல்டேஜ் வந்தப்புறம்தான் எல்இடிக்கு விடும். பழைய ட்யூப் லைட் 'டிங் டிங்'னு ரெண்டு தடவ மினுக்குனதும் ஸ்டார்டர் சோக்கு வேலைதான், ரோட்டு சோடியம் விளக்கு சூடேறி முழு வெளிச்சம் வர நிமிஷக் கணக்காகும். எதுவுமே வயரோட தாமதம் கிடையாது. வயரோட தாமதம் நெசமாவே தலைவலி குடுக்கறது கம்ப்யூட்டர் போர்டுலதான். அதுல சிக்னல் ஒரு நானோசெகண்டுக்கு 15 சென்டிமீட்டர்தான் போகும். மதர்போர்டுல ராம் ஸ்லாட் பக்கத்துல பாத்தா சில கோடுங்க நேரா போகாம வேணும்னே நெளிஞ்சு நெளிஞ்சு போகும், எல்லா கோடும் ஒரே நீளம் ஆகி எல்லா பிட்டும் ஒண்ணா வந்து சேரட்டும்னு. அமெரிக்கக் கடற்படைல கிரேஸ் ஹாப்பர் அம்மா லெக்சர் குடுக்கப் போனா 30 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா வயர் துண்டு வெட்டிட்டு வந்து, "இதான் ஒரு நானோசெகண்ட்"னு ஆளுக்கு ஒண்ணு குடுப்பாங்களாம். அது வெட்டவெளி ஒளிக் கணக்கு.

ராத்திரி_ஷிப்ட்:

அப்போ சத்தீஸ்கர் ராய்கர்லேர்ந்து நம்ம புகளூருக்கு வர்ற 800 கேவி டிசி லைன்? அது ஒரே பக்கமாத்தான ஓடுது, அங்கருந்து ஏறுன எலக்ட்ரான் என்னிக்கு எறங்கும்?

சாக்பீஸ்_வாத்தியார்:

நல்ல கேள்வி! கிட்டத்தட்ட 1,765 கிலோமீட்டர் லைன், கம்பி அலுமினியம். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு ஆம்பியர்னு தோராயமா வச்சா அலுமினியத்துல எலக்ட்ரான் செகண்டுக்கு 0.035 மில்லிமீட்டர் நகரும். கணக்கு போட்டா 1,600 வருஷம். தள்ளல் வந்து சேர்றது 6 மில்லிசெகண்ட்ல. ஒரே கம்பி, ஒரே நேரம்.

வோல்ட்மீட்டர்_வேலு:

வந்துட்டேன். வாத்தியார் எல்லாம் சொல்லிட்டாரு, ஆனா அண்ணனுக்குத் தண்ணி இன்னும் வரலயே! அண்ணே, டீக்கடைக்காரர் "வேகம் செத்துரும்"னு சொன்னாருல்ல, சாகறது வேகம் இல்ல, வோல்டேஜ். உங்க கேபிளுக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏழரை ஓம் கிட்ட தடை, 300 மீட்டருக்கு 2.2 ஓம். ஏழரை ஆம்பியர் போனா மூணு ஃபேஸ் கணக்குல 25 லேர்ந்து 28 வோல்ட் வழிலயே சூடா போயிரும். மோட்டாரோட சுத்துற பலம் வோல்டேஜோட ஸ்கொயர்ல கொறையும், 10 சதவீதம் வோல்டேஜ் கொறஞ்சா அந்தப் பலம் 19 சதவீதம் போச்சு. லோடு கொறையாததால மோட்டார் கரண்ட ஜாஸ்தி இழுக்கும், ரிலே தட்டும். மத்தியானம் ஏன்னா, அப்போ அக்கம்பக்கத்துல எல்லா மோட்டாரும் ஓடும், உங்களுக்கு வர்றதே கம்மியா வரும். ரிலே செட்டிங்க மட்டும் கூட்டி வச்சுராதீங்க, காயில் போயிரும். மோட்டார் ஓடிக்கிட்டு இருக்கும்போது தெரிஞ்ச எலக்ட்ரீசியன வச்சு கெணத்து ரூம் போர்டுலயும் ஸ்டார்டர்லயும் ஃபேஸுக்கு ஃபேஸ் வோல்டேஜ் எவ்ளோன்னு பாத்து போடுங்க. ஓடாதப்ப பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் காட்டும், ஏமாந்துராதீங்க.

மேட்டாங்காடு:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பொண்ணு மொத்தத்தையும் படிச்சுப்போட்டு 0.22 கணக்க அவளே ஒருக்கா போட்டுப் பாத்தா, சரியா வருதுங்கறா. எலக்ட்ரீசியன வரச் சொல்லிப் பாத்தமுங்க வேலு. போர்டுல 398, ஸ்டார்டர்ல 362.

வோல்ட்மீட்டர்_வேலு:

36 வோல்ட்டா? கேபிள் தடை மட்டும்னா 28-க்கு மேல போகக்கூடாதே. நடுவுல ஜாயின்ட் எதாவது இருக்காண்ணே?

மேட்டாங்காடு:

இருக்குதுங்க. கேபிள் பத்தலன்னு நடுவுல ஒண்ணு, எலி கடிச்ச எடத்துல ஒண்ணு. டேப் சுத்தி மண்ணு தள்ளி வெச்சிருக்கு.

வோல்ட்மீட்டர்_வேலு:

அங்கதாண்ணே மிச்ச 8 வோல்ட். ஃபேஸுக்கு 30 வாட்டுக்கு மேல அந்த டேப்புக்குள்ள வெந்துக்கிட்டு இருக்கு. மெயின ஆஃப் பண்ணி, ஃபியூஸ் கேரியரயும் கழட்டி கையில வச்சுக்கிட்டு ரெண்டையும் தோண்டிப் பாருங்க, டேப் கருகி பச்சைப் பூஞ்சை மாதிரி செம்பு அரிச்சிருக்கும். லக் வச்சு க்ரிம்ப் பண்ணி, தண்ணி போகாத ஜாயின்ட் கிட் போட்டு மூடுங்க. அடுத்த வருஷம் கையில காசு இருந்தா 6 ஸ்கொயர் எம்எம்க்கு மாத்திருங்க, 10, 12 வோல்ட்தான் போகும்.

மேட்டாங்காடு:

சரிங்க, ஞாயித்துக்கெழம ஆள் வர்றாரு.